எட்டு மணிக்கு வந்தவர்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிரல்களில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் எழுதிய சிறு குறிப்போடு சேர்த்து வைக்கும் பழைய கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதை மூடச் சொன்னார்கள். "இன்னும் இதில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்" என்று மூன்று முறை மெயில் அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை.

தினமும் காலை எட்டு மணிக்கு யாரோ அதைத் திறப்பது மட்டும் தெரிந்தது. பெயர் பதிவாகவில்லை; எதையும் மாற்றுவதுமில்லை. ஏதோ தானாக ஓடும் புரோகிராம் என்று நானே முடிவு கட்டினேன். குறிப்புகளை விட்டுவிட்டு, நிரல்களின் கடைசி வடிவத்தை மட்டும் புதிய கருவிக்கு மாற்றிவிட்டு, பழைய டிஸ்க்கை அழித்துவிட்டேன்.

மறுநாள் காலை தேவி அக்கா என் மேசைக்கு வந்தார். சோதனைப் பிரிவில் இருப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன அவர் கணவரும் எங்களோடு நிரல் எழுதியவர்தான்.

"தம்பி, அவரு எழுதின குறிப்பெல்லாம் எங்க? தினம் ஒண்ணு படிச்சிட்டுத்தான் வேலையத் தொடங்குவேன்."

"அழிச்சிட்டேன்க்கா. மெயிலுக்கு ஏன் பதில் போடல?" என் தப்பை அவர் தலையில் கட்டப் பார்த்தேன்.

"நான் அதுல வேலை செய்யலயே. சும்மா படிக்கத்தானே வந்தேன் லா."

போகத் திரும்பியவர் சொன்னார்: "கடைசி குறிப்பு மட்டும் மனப்பாடமா இருக்கு. 'வீட்டுக்குப் போகும் வழியில் லகாட் பக்கம் மழை, மீதியை நாளைக்குப் பார்க்கிறேன்'னு எழுதியிருந்தாரு."

இப்போது எதை மூடச் சொன்னாலும் மேசை மேசையாகப் போய்க் கேட்கிறேன். காலை எட்டு மணிக்கு மட்டும் தேவி அக்கா இருக்கும் பக்கம் போவதில்லை.