குழாய்க்கடைக்காரர் வீட்டு ஷவர்

ஊரில் பாதி வீட்டுக் குளியலறைகள் அவர் கடைச் சாமானில்தான் பளபளத்தன. குழாய்க்கடைக்காரர் என்றால் தெரியாதவர் இல்லை. அவர் வீட்டு ஷவர் மட்டும் உப்புப் படிந்து, மூன்றே துளைகளில் தண்ணீர் விட்டது. அதிலும் ஒன்று சுவரைப் பார்த்துப் பீச்சும். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்து, மூலைகளில் பூஞ்சை ஏறிக் கிடந்தது.

"கடையில இத்தனை தொங்குதே, ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன்" என்று அவர் மனைவி கேட்காத வருஷமில்லை.

"உன் அழகுக்கு வாளித் தண்ணி போதும்" என்பார்.

மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனால், "நம்ம வீட்டு லீக்கு வருது, ஒதுங்குங்கப்பா" என்று வாடிக்கையாளர் காதில் விழும்படியே சொல்லுவார். எப்போது பார்த்தாலும் வீட்டில் அங்கே ஒழுகுது, இங்கே ஒழுகுது என்று சொல்கிறவளாம். கடையில் வேலை செய்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாளாக ஆக அதுவே அவள் பெயராகிப்போனது.

ஒருமுறை அவர் வெளியூர் போயிருந்தபோது, கடையிலிருந்து ஒரு ஷவர் தலையை எடுத்துவந்து தானே மாட்டிக்கொண்டாள். திரும்பி வந்தவர் சத்தம் போடவில்லை. அவளையே ஸ்டூல்மேல் ஏறிக் கழற்றவைத்தார், துடைக்கவைத்தார், கடைக்குக் கூட்டிப்போய்ப் பழைய இடத்திலேயே மாட்டவைத்தார். கூட்டம் இருந்த நேரம். "திருட்டுப் பொருள் திரும்பி வந்துடுச்சு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். வேறு எங்கே முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போதே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. காது நன்றாகக் கேட்கிறது, புத்தியில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். கடைக்குப் பூட்டு விழுந்தது.

மருந்தும் வேளையும் ஒரு வழிக்கு வந்த பிறகு, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்தாள். ஆள் வைத்துச் செய்கிற எண்ணம் இல்லை. எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்தே தெரிந்துகொண்டாள். ஷவர் தலையைக் கழற்றி, வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பைக்குள் ஊறப்போட்டு, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்தாள். இடுக்குகளில் கறுத்திருந்ததைச் சுரண்டித் தள்ளி, இடுக்கை அடைக்கிற வெள்ளைப் பவுடரைக் குழைத்து விரலால் அழுத்தி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாள். விரிசல் விட்ட டைல்ஸ்மேல் நீலப்பூ ஸ்டிக்கர் ஒட்டினாள். கிழிந்த திரையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது தொங்கவிட்டாள்.

சாமான்களையெல்லாம் வாங்கியது எதிர்க்கடையில். அவர் ஆயுசு முழுக்க வயிறெரிந்த கடை. அந்தக் கடையின் பெயர் அச்சடித்த பையை அவர் கண்ணில் படும்படி கட்டில் கால்மாட்டில் மாட்டிவைத்தாள்.

குளியலறை படுக்கையறையை ஒட்டியே இருந்ததால் அவர் படுத்தபடியே எல்லாம் பார்த்தார். ஷவர் தலையைத் திரும்ப மாட்டப்போனபோது "ம்... ம்..." என்று உறுமினார். மரையில் வெள்ளை டேப் சுற்றாமல் முறுக்கினால் ஒழுகும் என்கிறார். அவளுக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "என்ன, தண்ணி வேணுமா?" என்று கேட்டு டம்ளரை அவர் வாயில் வைத்தாள். அவர் இருமி அடங்கும்வரை நின்றுவிட்டு உள்ளே போய், திரைக்குப் பின்னால் டேப்பைச் சுற்றி மாட்டினாள்.

அன்று குளிக்கப் போனவள் விரல் நுனி சுருங்கும்வரை வெளியே வரவில்லை. கதவையும் சாத்தவில்லை. வந்தவள் கட்டிலருகே நின்று தலைமுடியை உதறினாள். அவர் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"தண்ணி என்னமா விழுது தெரியுமா?"

அவர் இடது கையைத் தூக்கி, முதலில் ஷவரையும் பிறகு தன் நெஞ்சையும் காட்டினார்.

"உங்களுக்கா? உங்க அழகுக்கு வாளித் தண்ணி போதும்."

வழக்கம்போல வாளியும் ஈரத்துணியும் வந்தன. அவர் கண் கலங்கியது. அன்று அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு கூடுதலாகவே இறங்கியது.

தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்தாள். குளியலறையைப் பார்த்து அசந்துபோனாள். "நீயேவாம்மா செஞ்ச? அப்பாவ இதுல குளிப்பாட்டுறியா?"

"வழுக்கும்மா. ஒத்தையில நான் எப்படித் தூக்க?"

மகள் பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே போட்டு, அப்பாவைத் தாங்கிக்கொண்டுபோய் உட்காரவைத்தாள். தண்ணீர் உச்சியில் விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோணிய வாயைத் திறந்து தண்ணீரை வாங்கினார். தோள் குலுங்க அழுதார்.

"பாரும்மா, அப்பாவுக்கு எவ்ளோ சந்தோஷம்" என்றாள் மகள்.

அவர் மனைவி குளியலறை வாசற்படியில் துண்டோடு நின்றாள். தன் கைப்பொருளை யாரோ பறித்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அந்த ஈரத்தலை மேல் ஒரு துளி இரக்கம் வருகிறதா என்று தனக்குள்ளேயே தேடியும் பார்த்தாள். வரவில்லை.

மகள் ஊருக்குப் போகும்போது நாற்காலியை அங்கேயே விட்டு, "இப்படியே குளிப்பாட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி தெருமுனை திரும்பியதும் இவள் நாற்காலியைக் கொல்லைப்புறத்தில் போட்டாள். மறுநாள் வாளி வந்தபோது அவர் இடது கையால் அதைத் தள்ளிவிட்டார். தண்ணீர் கட்டிலெல்லாம் கொட்டியது. அவள் நிதானமாகத் தரையைத் துடைத்தாள், துணியைப் பிழிந்து காயப்போட்டாள், அடுப்பு வேலையை முடித்தாள். அதற்குப் பிறகுதான் நனைந்த விரிப்பை மாற்றினாள்.

சாயந்திரம் மகள் கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் தலையணையில் வைத்தாள்.

"இன்னைக்கும் குளிப்பாட்டுனியாம்மா?"

"ஆமா. வெந்நீர்ல, நல்லா நேரம் எடுத்து. இனிமே தினமும்தான்."

"ஆ... ஆ..." என்று அவர் தொண்டை கிழியக் கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

மகள் சிரித்தாள். "அப்பா பேச முயற்சி பண்றாரும்மா. எல்லாம் உன் கவனிப்புதான்."

"அவர் பேசட்டும், நீ கேட்டுக்கிட்டிரு" என்று சொல்லிவிட்டு, அவள் மாற்றுச்சேலையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.