முன்வரிசையிலிருந்து வந்த வசனம்

அழகு நிலையம் எங்கே என்று அந்தத் தெருவில் கேட்டால் யோசிப்பார்கள். வாயாடி அக்கா கடை எங்கே என்றால் உடனே கைகாட்டுவார்கள். இரண்டு நாற்காலி, ஓரம் மங்கிய கண்ணாடி, கரகரவென்று சுற்றும் ஒரு மின்விசிறி. முடி வெட்டிக்கொள்ள வந்த பெண்கள், வெட்டி முடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் அவள் பேச்சுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். சாயம் பூச வந்த ஒருத்தியிடம், "உங்க வயசை நான் குறைச்சிடுவேன் அக்கா, உங்க பொண்ணு வயசை யாரு குறைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவளையே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க வைத்தவள்.

வீட்டிலும் அதே நாக்குதான். மாமியார் கண்ணை மூடிய பிறகு மாமனாரின் பொறுப்பு முழுக்க அவள் தலையில் விழுந்தது. கணவனுக்கு வெளியூர் வேலை. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பஸ் ஓட்டி ஓய்ந்த மாமனாருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, மாத்திரை, தேய்த்த சட்டை என்று அவள் ஒரு குறையும் வைத்ததில்லை. பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கை நீட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. கிண்டல் மட்டும் செய்வாள். அவரும் சிரிப்பார். அதுமட்டுமல்ல, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் மருமக இன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா?" என்று தொடங்கி, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துக் காட்டுவார். அவளுக்கு அவரைவிடப் பெரிய ரசிகர் கிடையாது.

அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாகத் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் குளியலறை வாசலிலேயே மயங்கி விழுந்தார். உடம்பில் நீரே இல்லை, இன்னொரு தடவை இப்படி ஆனால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாட்டில் வைத்தாள். சாயங்காலம் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்தது. கெஞ்சினாள், அதட்டினாள். உதடு வெடித்து ரத்தம் கசிய, "தாகமே எடுக்கலம்மா" என்றார். கடைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தந்தையை இழந்தவளுக்குத் தந்தையாக வந்தவர். என்ன குறை கண்டு இப்படிச் செய்கிறார் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சிஸ்டரம்மா கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முதியவர்களைக் கொடுமைப்படுத்தக்கூடாது என்று உலகமெங்கும் ஒரு விழிப்புணர்வு நாள் வைக்கிறார்கள், நம் தெருப் பொதுக்கூடத்திலும் கூட்டம் போடலாம், ஒரு சின்ன நாடகம் இருந்தால் ஜனங்கள் உட்காருவார்கள் என்றார். கொடுமைக்கார மருமகள் வேஷத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

எழுதிய வசனம் எதுவும் இல்லை. கதையைச் சொல்லி, வாய்க்கு வந்ததைப் பேசு என்று விட்டுவிட்டார் சிஸ்டரம்மா. ஒத்திகையில் அவள் பேசப் பேச, தலையில் மாவு பூசிக்கொண்டு மாமனாராக நடித்த மருந்துக்கடைக்காரர் நிஜமாகவே ஒடுங்கிப்போனார்.

"எங்கிருந்து வருது இதெல்லாம்?" என்று கேட்டார் சிஸ்டரம்மா.

"எத்தனை மருமகளுக்குத் தலை வாரி விட்டிருக்கேன் சிஸ்டர்!" என்றாள். அவள் அதை மனதார நம்பித்தான் சொன்னாள்.

கூட்டத்தன்று மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள். எல்லோருக்கும் குத்தியதுபோல் அவர் சட்டையிலும் அந்த நாளின் அடையாளமான ஊதா ரிப்பனைக் குத்தினார்கள். நாடகத்துக்கு முன்னால் சிஸ்டரம்மா பேசினார். பெரியவர்கள் திடீரென்று சோறு தண்ணீரை ஒதுக்கினால் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள், எதற்கோ பயப்படுகிறார்களா என்று பாருங்கள் என்றார். திரைக்குப் பின்னால் மை தீட்டிக்கொண்டிருந்தவள், எந்தெந்த வீட்டுக்கு இது பொருந்தும் என்று மனதுக்குள் யோசித்துக்கொண்டே தலையாட்டினாள்.

நாடகம் தொடங்கியது. முதலில் சிரித்த கூட்டம் போகப்போக அடங்கியது. மருந்துக்கடைக்காரர் நடுங்கும் கையால் தம்ளரைத் தூக்கினார். அங்கே அவள் ஏதாவது சொல்லித் தடுக்க வேண்டும். விளக்கு கண்ணில் அடித்ததோ என்னவோ, வாயாடிக்கு வாய் அடைத்துப்போனது. ஒத்திகையில் பேசியதெல்லாம் மறந்துவிட்டது. தம்ளர் அந்தரத்தில் நின்றது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் உதவிக்கு வந்தது.

"'குடிங்க, நல்லா குடிங்க. ராத்திரி படுக்கையில ஆறு ஓடட்டும், காலையில நான் வந்து ஓடம் விடறேன்.' அதைச் சொல்லும்மா. அதான் எடுப்பா இருக்கும்."

கூடமே கொல்லென்று சிரித்தது. மாமனாரும் பெருமையோடு திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சிஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லா ஒத்திகையிலும் கூட இருந்தவர் அவர். அந்த வசனம் அங்கே ஒரு முறைகூட வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மேடையில் நின்றவளுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. நனைந்த விரிப்பைப் பிழிந்துகொண்டே, விளையாட்டாகச் சொன்னது. அவரும் விழுந்து விழுந்து சிரித்தாரே! அதற்குப் பிறகுதானே அவர் தண்ணீர் குடிப்பதை விட்டது? பாவி, பாவி என்று அவள் நெஞ்சு அவளையே அறைந்தது.

மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த தம்ளரை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மாமனாரின் காலடியில் உட்கார்ந்து தம்ளரை நீட்டினாள். மருமகள் திருந்திவிட்டாள் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள்.

அவர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "இது நாடகத்துல இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

அவர் தம்ளரைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். "இங்க வேண்டாம்மா. இத்தனை பேர் இருக்காங்க" என்றார்.

அவள் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்து, கட்டிலில் உட்கார வைத்து, மறுபடி தண்ணீர் கொடுத்தாள். நனைந்தால் நனையட்டும், மாற்றிப் போடுகிறேன், அன்றைக்குச் சொன்னது தப்பு மாமா என்றாள். எப்போது கிண்டல் வரும் என்று காத்திருப்பவரைப் போல அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. பிறகு மெதுவாக, ஒவ்வொரு மிடறாக, பாதி தம்ளர் குடித்தார். மீதியை வேண்டாம் என்றார்.

விடிந்ததும் அவர் அறையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் கேட்டது. "அம்மா... நனைஞ்சிடுச்சு."

ஓடிப் போனாள். அத்தனைக்குப் பிறகும், அந்தப் பாழும் நாக்கின் நுனியில் ஒரு கிண்டல் தானாக வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, "எழுந்திருங்க மாமா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.