எண் போடுகிற சுல்மிரா

எந்த மரத்தின் அருகே போனாலும் முதலில் அதை நாலு வார்த்தை திட்டுவாள். "ஏண்டி சோம்பேறி, ஒம்போது வருஷமா நின்னு தின்னுட்டு இவ்ளோதான் தடிச்சியா?" பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிப் பார்ப்பாள். ஈரமிருந்தால் உருண்டையாக நிற்கும். இல்லையென்றால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள்.

அலென்டெஜு வட்டாரத்து ஓக் காட்டில் ஆண்கள் கோடரியால் தக்கைப் பட்டையை உரித்ததும், மொட்டை மரத்தில் அந்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளைச் சாயத்தால் எழுதுவது சுல்மிராவின் வேலை. இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டு உரித்த மரத்தில் 5. பட்டை தடிக்க ஒன்பது வருஷம் ஆகும்; இருபத்துநான்கில்தான் மறுபடி கை வைக்கலாம். கோடரிக்காரர்களுக்கு அந்த எண் முதலாளி பேச்சைவிடப் பெரிது. கூலியோடு மேற்குச் சரிவில் உதிரும் ஓக் கொட்டைகளும் அவளுக்கு. அதைத் தின்றுதான் அவளுடைய மூன்று பன்றிகள் கொழுக்க வேண்டும். பன்றிகளுக்கு மூன்று பழைய மேற்பார்வையாளர்களின் பெயரை வைத்திருக்கிறாள்.

இருபத்துநான்காம் ஆண்டுக் கோடையில் இப்போதைய மேற்பார்வையாளர் ஒலெகாரியு அந்த மேற்குச் சரிவில் வந்து நின்றார். அங்கே பாறைமேல் ஒரு சாண் மண்தான். இரண்டு குளிர்காலமாக மழை இல்லை.

"பதினோரு மரத்துலயும் 5 இருக்கு. இன்னிக்கே உரிங்க."

கோடரிக்காரன் ஜனுவாரியு ஒரு வெட்டுப் போட்டு நெம்பினான். பட்டை விடவில்லை. "ஒட்டிக்கிச்சுங்க. இழுத்தா உள்தோலும் சேந்து வந்துடும்."

"உள்தோல் போனா மரம் செத்துச்சு," என்றாள் சுல்மிரா. "உங்க தோல உரிச்சா நீங்க இருப்பீங்களாய்யா?"

"நீ எண் எழுதற வேலையப் பாரும்மா. லாரிக்குச் சொல்லியாச்சு. கீழ போய் இன்னும் நாலு ஆளக் கூட்டியாறேன்."

அவர் இறங்கிப் போனார். சுல்மிரா குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்; விரலிடுக்கில் ஒழுகியது. பதினோரு மரமும் போனால் பன்றிகளுக்கு எதைப் போடுவது?

ஜனுவாரியு வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்களுக்கென்னக்கா? 5ன்னா இந்த வருஷம். 6ன்னா அடுத்த வருஷம். மரத்துல என்ன இருக்கோ அதுதான். எவன் சொன்னாலும் மாத்த மாட்டோம்."

சுல்மிரா அவனை ஒரு பார்வை பார்த்தாள். சாய டப்பாவைத் திறந்தாள். முதல் மரத்து 5-இன் கீழ்ப்பாதியில் இடப்பக்கம் திறந்து கிடந்த வாயை, தூரிகையால் ஒரே இழுப்பில் மேலே இழுத்து மூடினாள்.