ஆடிக் கிருத்திகையும் அம்மாவின் ஹார்மோன் பாடமும்

என் அம்மா நர்சிங் படிக்கப் போன வருடம் நான் நாலாம் வகுப்பு. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் மதியம் டிபன் பாக்ஸோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பார்கள். என் அம்மாவோ காலையில் எனக்கு முன்பாகவே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, கொண்டையை வலைக்குள் திணித்துக்கொண்டு, லோக்கல் ரயிலைப் பிடிக்கத் திருத்தணி ஸ்டேஷனுக்கு ஓடுவாள். அவளோடு படித்தவர்கள் எல்லாரும் பிளஸ் டூ முடித்த கையோடு வந்த பெண்கள். அம்மாவை அக்கா என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் கல்லூரி வாட்ச்மேன் அவளை ஏதோ ஒரு மாணவியின் தாயார் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அம்மா ஆர்.கே.பேட்டையில் தமிழில் படித்தவள். உடற்கூறும் உடலியங்கியலும் சேர்ந்த அந்தப் புத்தகம் தலையணை கனத்தில் முழுக்க இங்கிலீஷ். எலும்பும் தசையும் படம் பார்த்து ஒருவழியாகத் தேறிவிட்டாள். ஹார்மோன் வந்ததும் மாட்டிக்கொண்டாள். எலும்பைத் தன் கையிலேயே தடவிப் பார்த்துப் படிக்கலாம். ரத்தத்தோடு ரத்தமாகக் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற ஒன்றை எங்கே தொட்டுப் பார்ப்பது? மாதத் தேர்வில் அந்தப் பாடம் அவளைக் கவிழ்த்தது. ஆண்டுத் தேர்விலும் கவிழ்ந்தால் படிப்பு அதோடு நின்றுவிடும் என்று அம்மாவுக்குத் தெரியும். முப்பது வயதுக்கு மேல் ஒரே வகுப்பில் மறுபடி உட்கார வீடும் விடாது, அவள் மனசும் விடாது.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். டவுன் பஸ் டிரைவர். அவர் தன் பங்குக்குத் தைரியம் சொன்னார். "பிரேக்கு புடிச்சா வண்டி நிக்குது. உள்ள இன்னா நடக்குதுன்னு நான் பாத்துகினா இருக்கிறேன்? அந்த மாதிரி நெனச்சிகினு படி."

"உள்ள இன்னா நடக்குதுன்றதுதாங்க கேள்வியே," என்றாள் அம்மா.

அவளாகவே இரண்டு வழி கண்டுபிடித்தாள். ஒன்று, நான். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான் புத்தகத்தை உரக்கப் படிக்க வேண்டும். பெரிய வார்த்தைகளை நான் எழுத்துக்கூட்டித் திணறும்போது, வகுப்பில் காதால் கேட்டதை வைத்து அவள் முடித்துவைப்பாள். பிறகு மொத்தத்தையும் தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இரண்டாவது வழி, ஸ்டிக்கர் பொட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஷிம்மியோடு நிற்கவைத்து, எந்தச் சுரப்பி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்புப் பொட்டு ஒட்டினாள். புருவ நடுவில் பிட்யூட்டரி. தொண்டையில் தைராய்டு, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டியாக நாலு. வயிற்றில் கணையம். முதுகில் சிறுநீரகத்தின் தலைமேல் ஆளுக்கொன்று. தொட்டுத் தொட்டுப் பேர் சொல்லிக்கொண்டே வந்தவள், தண்ணி லாரி சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடிவிட்டாள்.

பக்கத்துப் போர்ஷனில் அத்தை இருந்தாள். நைனாவுக்கு அக்கா. குழந்தை இல்லை. தெருவில் எந்தப் பிள்ளை சத்தம் போட்டாலும் ஜன்னலைத் திறந்து அதட்டுவாள். அதனால் அவளுக்குப் பிள்ளைகளையே பிடிக்காது என்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் முடிவு. நான் பொட்டுகளோடு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, கொழந்த மேல அம்மா வந்துட்டா!"

மறுபேச்சில்லாமல் என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் படுக்கவைத்தாள். வேப்பிலைக் கொத்து வந்தது. மஞ்சள் தண்ணீர் வந்தது. எனக்கோ அந்தக் கவனிப்பு பிடித்துப்போனதால் வாயே திறக்கவில்லை. அம்மா ரெண்டு குடத்தோடு வந்து பார்த்துவிட்டு, என் தொண்டையிலிருந்து ஒரு பொட்டை உரித்துக் காட்டினாள்.

"இது அம்மை இல்லண்ணி. சுரப்பி."

"சொரப்பியோ சொரக்காயோ, பச்சப் புள்ள ஒடம்புலயா வெளையாடுவாங்க? ஒரு வயசுல படிக்கணும். வயசு போன பின்னாடி படிச்சா இப்டித்தான்."

அம்மா மிச்சப் பொட்டுகளையும் உரித்து எடுத்தாள். அன்று சாயங்காலமே மறுபடி பொட்டு ஒட்டி, ஒரு தப்பில்லாமல் எல்லாப் பேரும் சொன்னாள். எனக்கு அவள் மேல் ஏற்பட்ட மரியாதை அன்று ஏற்பட்டதுதான். திட்டு வாங்கினால் நான் அழுவேன், அம்மா படித்தாள்.

ஆண்டுத் தேர்வு ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் வந்து விழுந்தது. கிருத்திகை என்றால் எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். தெருவெல்லாம் மஞ்சள் துணியும் பூக்காவடியும், பம்பைச் சத்தமும், அரோகராவும். நைனா விடியலிலேயே ஸ்பெஷல் பஸ் எடுக்கப் போய்விட்டார். மத்தியானம் அத்தை என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதுவரை புத்தகம் படிக்க வேண்டும். ஊரே காவடி பார்க்கும்போது எனக்கு மட்டும் ஹார்மோன். கோபத்தில் வேக வேகமாகப் படித்தேன். அம்மா மறுநாளுக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

கடைசிப் பகுதி தாய்ப்பாலைப் பற்றியது. குழந்தை வயிற்றில் இருக்கும்வரை ப்ரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பால் சுரக்க விடாமல் தடுத்து வைத்திருக்கிறது. பிரசவமாகி பிளசென்டா வெளியே வந்ததும் அது இறங்கிவிடுகிறது. தடை போனதும், பால் சுரக்கவைக்கிற ப்ரோலாக்டின் தன் வேலையைத் தொடங்குகிறது. இதைத்தான் நான் இங்கிலீஷில் படித்தேன். அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மறுபடி படி."

படித்தேன்.

"மெதுவா படிம்மா."

அதற்கு முந்தைய வருடக் கோடையில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா மட்டும்தான் திரும்பி வந்தாள். அதற்கப்புறம் சில நாள் வீடு முழுக்க மல்லிகை வாசனை. அத்தை மார்க்கெட்டிலிருந்து முழம் முழமாக வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவுக்குக் கட்டிவிடுவாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் மார்பில் மல்லிகை கட்டுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா அழுவது கேட்கும். கல்யாணப் பெண்கள் அழுவார்கள் என்பதால் அதுவும் பொருத்தமாகவே இருந்தது.

"அப்போ அதுக்குத் தெரியாது," என்றாள் அம்மா.

"எதுக்கும்மா?"

"ஒடம்புக்கு. கொழந்த இருக்குதா, இல்லியான்னு அதுக்குத் தெரியாது. நஞ்சுக்கொடி வெளிய வந்துட்டா, பால் வந்துடும்."

அத்தை பட்டுப் புடவையும் அர்ச்சனைத் தட்டுமாக உள்ளே வந்தது அந்த நேரத்தில்தான். "இன்னா, பொண்ணு ரெடியா? கூட்டம் ஏறிக்கினே போவுது."

"கொஞ்சம் உக்காருங்கண்ணி. இத கேட்டுட்டுப் போங்க."

"சாமி பாக்கப் போறப்போ பாடமா?" என்றாலும் அத்தை நின்றாள். நான் படித்தேன். அம்மா தமிழில் சொன்னாள். பாடம் ஒப்பிக்கிற குரலில் இல்லை, ஒவ்வொரு வார்த்தையாக. பிறகு சொன்னாள்: "எனக்கு அதுதாண்ணி தாங்கல. கொழந்தய மண்ணுல வச்சிட்டு வந்திருக்கிறோம், இது மட்டும் நிக்காம வருதே, என் ஒடம்புக்கு வெக்கமே இல்லியான்னு என்ன நானே திட்டிகினேன்."

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். பட்டுப் புடவை கசங்குவதைப் பார்க்காமல் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"என்ன என் மாமியார் திட்டனாங்க," என்றாள். "புள்ள போயி நாலு பேர் அழுதுகினு இருக்கிறாங்க, உன் ஒடம்புக்கு ஒறைக்கவே இல்லியாடின்னு கேட்டாங்க. எனக்கும் அப்டித்தான் தோணுச்சி."

"உங்களுக்குமா அண்ணி?"

அத்தைக்கு ஒரு குழந்தை பிறந்து இறந்தது அம்மாவுக்கே அன்றுதான் தெரியும். நைனா சிறுவனாக இருந்தபோது புகுந்த வீட்டில் நடந்தது அது, அத்தை அதை நைனாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடம்பு அதோட வேலைய செஞ்சிச்சி. அவ்ளோதாண்ணி. நம்ம மேல தப்பே இல்ல."

"இந்த புக்குல போட்ருக்குதா? நெசமா?"

"ஆங். போட்ருக்குது."

மறுநாள் தேர்வில் அந்தக் கேள்வி வரவேயில்லை. ஆனாலும் அம்மா தேறினாள், அடுத்தடுத்த வருடங்களிலும் தேறினாள். இப்போது ஒரு பிரசவ வார்டில் சிஸ்டராக இருக்கிறாள். வெறுங்கையோடு வீடு திரும்பப் போகிற பெண்களின் கட்டிலருகே அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதையும், தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வதையும் நான் பார்த்திருக்கிறேன். என்ன சொல்கிறாள் என்று கேட்டதில்லை. கேட்க வேண்டியதில்லை.

அன்று நாங்கள் மலைக்குப் போகவில்லை. "எங்க பாப்பா, இன்னொரு வாட்டி படி," என்றாள் அத்தை. படித்தேன். "இன்னொரு வாட்டி," என்றாள். அத்தைக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. என் ஒப்பித்தல் போட்டிக் குரலை எடுத்து, காற்புள்ளியில் நின்று, முற்றுப்புள்ளியில் மூச்சு வாங்கி, ரொம்ப அழகாகப் படித்தேன். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. என்னை இழுத்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். என் உச்சரிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.