சூப்பர்வைசரின் பாத்திக்குள் விட்ட எலிகள்

என் லீவு பேப்பரைச் சூப்பர்வைசர் கிழித்துப் போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். டிராயரில் போட்டு மூடிவிட்டு, "தையில பார்ப்போம்" என்றார். ஷார்ஜாவுக்கு வெளியே ஒரு வில்லா காம்பவுண்டில் எனக்குத் தோட்ட வேலை. ஐப்பசியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தங்கைக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன். என் லீவைத் தன் மச்சானுக்குக் கொடுத்து அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார் அந்த மனுஷன். இத்தனைக்கும் அவரும் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம்தான்.

"நீ வராம குத்த மாட்டேண்ணே, தைக்குத் தள்ளி வச்சுக்கிறோம்" என்று போனில் அழுதாள் தங்கை. அன்றிலிருந்து சூப்பர்வைசரின் முதுகைப் பார்த்தாலே பல்லைக் கடித்தேன்.

கார்த்திகையில்தான் புல்தரையில் எலி வளைகள் வந்தன. பார்க்க நம்மூர் வெள்ளெலி மாதிரிதான் இருக்கும், வால் நுனியில் மட்டும் கறுப்பாகக் குஞ்சம். பகலிலேயே ஓடும். செடியின் வேரை அடியோடு தின்றுவிட்டு, மேலே ஒன்றும் தெரியாதது போல் விட்டுவைக்கும். ஒன்பதாம் நம்பர் வில்லா மேடத்தின் செம்பருத்தி இரண்டு நாளில் சாய்ந்தது.

மேடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். சூப்பர்வைசர் எனக்கு விளக்கினார். "விஷம் மாஃபி, வைக்கவே கூடாது. பூனை தின்னுரும். அடிக்கிற பொறியும் வேணாம். எலி சாகக் கூடாது, அதுக்கு வலிக்கவும் கூடாது. ஆனா தோட்டத்துல இருக்கக் கூடாது. புரியுதா?" புரிந்தது. எலிக்கு வலிக்குமா என்று கேட்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது என்பதும் புரிந்தது.

வெள்ளிக்கிழமை ரோலா கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் கீழக்கரை பாய். மூன்று விதப் பொறிகளை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். ஒன்று கழுத்தில் அடிக்கும் மரப்பொறி. ஒன்று பசை அட்டை. மூன்றாவது கம்பிக்கூண்டு.

"இந்த அட்டைய மட்டும் வாங்காதீங்க தம்பி. ஒட்டிக்கிட்டு நாள் முழுக்கக் கத்தும், கேக்குறவனுக்குச் சோறு எறங்காது. மரப்பொறின்னா பட்டுனு முடிஞ்சிரும், ஆனா பூனைக் காலையும் ஒடிச்சிரும். கூண்டு வாங்குனா வேலை ஜாஸ்தி. உசுரோட புடிச்சு என்ன பண்ணுவீங்க?"

அந்தக் கேள்விக்கு அந்த நிமிஷமே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. காம்பவுண்டுக்குப் பின்னால், நாங்கள் கேம்ப் பஸ் பிடிக்கப் போகும் வழியில் சூப்பர்வைசரின் குவார்ட்டர்ஸ். அதன் பின்பக்கம் அவர் போட்டிருந்த காய்கறிப் பாத்தி. தக்காளி, கத்திரி, இரண்டு வரிசை சர்க்கரைவள்ளி. தினமும் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவார். கூண்டு இரண்டு வாங்கினேன். பாய் என்னை மகா கருணைக்காரன் என்று நினைத்திருப்பார்.

எலிக்கு எதை வைப்பது என்று ரூமில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாருடைய யோசனையும் ஊர் வீட்டு எலிக்கானது. கஃபடீரியாவில் மசால் வடை வாங்கி வைத்தேன். சீண்டவே இல்லை. கருவாடு வைத்தேன். மேடத்தின் பூனை மாட்டிக்கொண்டு காம்பவுண்டையே கூட்டிவிட்டது, சூப்பர்வைசர் என்னை எல்லார் முன்னாலும் கழுதை என்றார். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். பிறகுதான் புத்தி வந்தது. வேர் தின்னுகிற சாதிக்குக் கருவாடு எதற்கு? வளை வாசலை ஒட்டி, அது ஓடும் தடத்திலேயே கூண்டை வைத்து, உள்ளே வறுக்காத நிலக்கடலை போட்டேன். வெயிலில் கம்பி சுட்டால் எலி அரை மணியில் செத்துவிடும், அதனால் மேலே ஈரச்சாக்கு. டீ டைமில் ஒரு தடவை, சாப்பாட்டு டைமில் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். என் பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

முதல் எலி மாட்டிய அன்று, டூட்டி முடிந்ததும் கூண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போனேன். பாலைவனத்தில் விடச் சொல்லியிருந்தார்கள். நான் சூப்பர்வைசரின் கம்பிவேலிக்குள் கதவைத் திறந்தேன். எலி ஒரு நொடி முழித்தது, அப்புறம் சர்க்கரைவள்ளிக் கொடிக்குள் பாய்ந்தது. "நல்லாச் சாப்பிடு ராசா" என்று வாய்விட்டே சொன்னேன். வயிறு குளிர்ந்தது. மூன்று வாரத்தில் ஏழு எலி விட்டேன், ஒன்றின் மேலும் சின்னக் கீறல் இல்லை.

மார்கழி பிறந்ததும் ஸ்டேட்டஸில் வீடியோ நின்றது. தக்காளி வாடியது, கத்திரி சாய்ந்தது. சர்க்கரைவள்ளியைத் தோண்டிப் பார்த்து, வெறும் கையோடு அவர் நிற்பதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று ரூமில் ஆட்டுக்கறி எடுத்தது நான்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம் சும்மா என்றேன்.

தை லீவு கையெழுத்தாகி, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மேடம் உன்னைய ரொம்பப் புகழ்றாங்கப்பா. அங்க ஒரு எலி இல்லையாம். எங்கேருந்துதான் வந்துச்சோ, இப்ப எல்லாம் என் தோட்டத்துல. சுவருக்கு அடியில வளை போட்டு ஆபீஸ் கேபிளையும் கடிச்சிருச்சு, மேனேஜர் கத்துறாரு. உன்னைய விட்டா புடிக்கத் தெரிஞ்சவன் யாரு? ஒரு மாசம் கழிச்சுப் போ."

"அண்ணே, காதுகுத்து..."

"கலாஸ், பேச்சு முடிஞ்சுது. டிக்கெட்ட மாத்தச் சொல்லிட்டேன்."

உண்மையைச் சொல்லியிருந்தால் ஊருக்கே அனுப்பியிருப்பார், திரும்பி வர முடியாதபடி. தலையை ஆட்டிவிட்டுக் கூண்டை எடுக்கப் போனேன்.

தங்கை இந்தத் தடவை அழவில்லை. "இன்னொரு தடவை தள்ளுனா அவுக வீட்டுல என்னையத்தாண்ணே பேசுவாக. பெரியப்பா மகன் மடியில வச்சுக் குத்திர்றோம்" என்று சொல்லிவிட்டு, நான் பேசுவதற்குள் போனை வைத்தாள்.

காதுகுத்து அன்று காலை சூப்பர்வைசரின் பாத்தியில் குந்தி, வளை வாசலில் கூண்டை வைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ கால் வந்தது. கடலைத்தூள் ஒட்டிய கையோடு போனைப் பிடித்தேன். ஆசாரி ஊசியை எடுத்தார். "பாப்பா, இந்தா மாமா பாரு, இங்க பாரு" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஊசி இறங்கியதும் பிள்ளை வீறிட்டு, "மாமா" என்று தன்னை மடியில் வைத்திருந்தவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.