போனுக்குக் கடல் கேட்காது

இன்று மாலை இனயம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு, கடலை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றார். மறுமுனையில், ரியாத்திலிருந்து அவர் கணவர்.

“இப்ப கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கல்ல. ஏட்டி, நீ வீட்டுல இருந்துட்டு கடல்னு பறையுதியா?”

“கடலுக்க முன்னாலதான் நிக்கேன்!”

அவர் நம்பவில்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது. “போன் கெட்டுப்போச்சா, பாரு மக்களே,” என்று என்னிடம் நீட்டினார்.

கெடவில்லை என்றேன். போன் குரலை அப்படியே அனுப்புவதில்லை. தொண்டையின் அதிர்வையும் வாயின் வடிவத்தையும் குறிப்புகளாகச் சுருக்கி அனுப்பும். அங்குள்ள போன் அவற்றிலிருந்து குரலை மறுபடி உண்டாக்கும். பேச்சாகத் தெரியாத கடலை இரைச்சல் என்று கழித்துவிடும். கல்லூரியில் நான் படித்தது இதைத்தான்.

“அப்ப வாயால போட்டா போவுமா?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை உதட்டருகே வைத்து, “உஷ்ஷ்ஷ்…” என்று ஓர் அலையைக் கரையேற்றினார்.

அங்கே சிரிப்பு. பிறகு, “இன்னொருக்கா போடு.”

அக்கா போன பிறகு நானும் ஓர் அலை போட்டுப் பார்த்தேன். சுமாராக வருகிறது.

யாருக்காவது கடல் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். என் லைன் எப்போதும் சும்மாதான் கிடக்கிறது.