ஒரு தடவைக்கு ஒண்ணு

பாகீரதி தேசாய் மேசைக்கடியில் மண்டியிட்டுப் பிரின்டர் வயரைப் பிடுங்கினார். தாளில் குறித்துக்கொண்டார். எழுந்து கணினியின் பொத்தானை அழுத்தினார். திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுழன்றன. ஒன்பதாவது சுற்றில் அப்படியே உறைந்து நின்றன. காலையிலிருந்து இதே கதைதான்.

தார்வாடில் ஒரு கன்னட வார இதழுக்குப் பதினான்கு வருடமாகக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர் அவர். கல்யாண வீட்டில் யாரை அறிமுகப்படுத்தினாலும், பெயரில் எத்தனை எழுத்து என்று விரல் மடக்குவார். ஐந்தெழுத்துக்காரர்கள் மேல் தனிப் பிரியம். ஒரு வாரம்கூடப் புதிர் தவறியதில்லை. இந்த வாரத்தது பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும். நான்கு நாள் உழைப்பு, அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

பழுதுபார்க்கும் இர்ஃபான் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திரலாம் அக்கா."

"அழிக்கறதுக்கு நீ எதுக்குப்பா? அதை நானே செஞ்சுக்குவேன்!"

கணவர் வாமனராவ் அவல் தட்டோடு வந்து நின்றார். "எல்லா வயரையும் ஒரேயடியாப் பிடுங்கிப் போடேன்."

"அப்புறம் கெடுத்தது எதுன்னு எப்படித் தெரியும்? ஒரு தடவைக்கு ஒண்ணு."

சமையலிலும் அப்படித்தான். குழம்பு ருசிக்கவில்லையென்றால் உப்புப் போட்டு ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் புளி. பசித்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

கேமராவைக் கழற்றினார், மறுபடி ஒன்பதாவது சுற்றில் நின்றது. ஒலிபெருக்கியைக் கழற்றினார், அப்போதும் நின்றது. மணி பதினொன்றரை. விசைப்பலகையையும் மவுஸையும் விட்டால், மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: நான்கு வயர்களைச் செருகும் சின்ன இணைப்புப் பெட்டி. போன வாரம் ஹூப்ளி சந்தையில் வாங்கிவந்து, வாமனராவே பெருமையாக மாட்டியது.

"அது புத்தம்புதுசுடி! அதைப் போய்ச் சந்தேகப்படறியே!"

பாகீரதி அதையும் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

ஒன்பது சுற்று. பத்து. பதினொன்று. திரை திறந்துகொண்டது. கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தார்; அவ்வளவு அவசரம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் புதிர் போய்ச் சேர்ந்தது. 'கிடைத்தது' என்று ஆசிரியரிடமிருந்து பதிலும் வந்தது.

"அப்பாடா! இனியாவது சாப்பிடு" என்று வாமனராவ் தட்டை நீட்டினார்.

பாகீரதி கணினியை அணைத்தார். அந்தச் சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மேசைக்கடியில் குனிந்தார்.

"ஐயோ, அதான் தெரிஞ்சிருச்சே! இன்னும் என்ன?"

"ஒரு தடவை ஓடினதை வெச்சு எப்படி நம்பறது?" என்றவர், அதைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.